பாடத்துக்காகக் கட்டிய காம்பரா

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டபோது, அதைப் பெயர்த்துப் பதுளைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நான் பயந்தேன். அப்படியொன்றும் நடக்கவில்லை. தகரக் கூரையும் அரைச்சுவரும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பதும் மாறவில்லை. மாறியது புத்தகம்தான். அதுவரை எங்களுக்குப் படிப்பு என்றால் அரிச்சுவடி, வாய்ப்பாடு, வெள்ளிக்கிழமைத் தேவாரம், மத்தியானம் தின்ன ஒரு பனிஸ் ரொட்டி. இனிமேல் நாடு முழுவதும் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்களோ அதையே நாங்களும் படிக்க வேண்டுமாம். அந்த நாடு முழுவதும் இருக்கிற பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிவிட்டது.

நான் நான்காம் வகுப்பு. புதுப் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சுற்றாடல். நம்மைச் சுற்றி இருப்பதை வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பாடம், அதற்கு மார்க்கும் உண்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? முதல் பாடமே 'எங்கள் வீடு'. பக்கம் முழுவதும் ஒரு படம். ஓட்டுக் கூரை, பக்கத்தில் கிணறு, மாமரம், சுற்றிலும் பனையோலை வேலி. உள்ளே அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிறார். அம்மா சமையலறையில் நிற்கிறாள். பிள்ளைகள் மேசையில் படிக்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர். அதைப் புத்தகத்தில் இருக்கிற வீடு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதே புத்தகத்தில் ஒட்டகமும் இருந்தது. அதற்காக ஒட்டகத்தைத் தோட்டத்தில் தேடினோமா?

பாடம் நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். முதல் நியமனம். குளிருக்குப் பயந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவின் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தார். அங்கிருந்து மேல்பாதையால் பள்ளிக்கூடத்துக்கு வருவார், மேல்பாதையாலேயே திரும்பிப் போவார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்துப் பக்கம் இறங்க வேண்டாம் என்று கிளாக்கர் வீட்டம்மா சொல்லி வைத்திருந்தாராம். நல்லவர்தான். ஆனால் கோபம் வந்தால் வேகமாகப் பேசுவார், வேகமாகப் பேசினால் எங்களுக்குப் பாதிதான் விளங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் தந்தார். அவரவர் வீட்டை அளந்து, எத்தனை அறை, எத்தனை கதவு, என்ன நீள அகலம் என்று படம் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வர வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் போடக் கூடாது.

அந்தப் படத்தில் நான் கவனமாக இருப்பதற்குக் காரணம் இருந்தது. தம்பி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தோட்டத்துக் கைக்குழந்தைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவனை விட்டுவிட்டுப் போவாள். சாயந்திரம் சளியோடு திரும்பி வருவான். எங்கள் லயத்தில் என் வயதுப் பெண்பிள்ளைகள் சிலர் படிப்பை விட்டுவிட்டுத் தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அப்பாவுக்கும் அந்த யோசனை இருந்தது. அம்மாதான் விடவில்லை. கடைசியில் அப்பா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். "சரி, படிக்கட்டும். ஆனா பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பிராது வந்துச்சுன்னா அன்னையோட நிப்பாட்டிருவேன்." அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அளப்பதற்கு எங்களிடம் இருந்தது சித்தப்பாவின் குச்சி. மழைத் தண்ணீர் வடிய மலையில் கான் வெட்டுவது அவர் வேலை. வெட்டிய கானை அளந்து கணக்குச் சொல்வதற்காக அடிக்கு ஓர் அடையாளம் செதுக்கிய நீளக் குச்சி ஒன்று வைத்திருந்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி. எதையும் கிண்டலாகவே பேசுவார். கோயில் பூசாரியைக் கூட விட்டு வைக்க மாட்டார். அவருக்கு முந்திய வருஷம்தான் கலியாணம் ஆகியிருந்தது. சித்தி பெரகலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தோட்டத்துப் பெண். எனக்கு இரட்டைப் பின்னல் போடக் கூடிய ஒரே ஆள். கொஞ்ச மாதம் எங்கள் காம்பராவிலேயே எங்களோடு இருந்தாள். பிறகு தாய் வீட்டுக்குப் போனவள் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். சித்தப்பா இரண்டு தடவை கூட்டிவரப் போய், இரண்டு தடவையும் தனியாகத் திரும்பினார். அடுத்த மாதம் வருவாள் என்று என்னிடம் சொன்னார். உடம்பு சரியில்லாதவர்கள் மாதக்கணக்குப் பார்த்தா குணமாவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் குச்சியைத் தரையில் கிடத்தி எங்கள் காம்பராவை அளந்தேன். ஒரு பக்கம் பன்னிரண்டு அடி, மறுபக்கம் பத்து. ஒரு கதவு, ஒரு ஜன்னல். முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அவ்வளவுதான். நான் முடிப்பதற்குள் பக்கத்துக் காம்பராப் பையன் குச்சிக்கு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. குச்சி லயம் முழுவதும் போயிற்று, அதன் பின்னால் நானும் போனேன். எல்லா வீட்டிலும் அதே பன்னிரண்டு, அதே பத்து. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தினமும் ஓடி விளையாடிய இடம்தான், ஆனால் அளந்து பார்க்கும்வரை அது எனக்குத் தெரியாது. ரேடியோ இருக்கிற தொழிற்சங்கத் தலைவர் வீடு கொஞ்சமாவது பெரிதாக இருக்கும் என்று பந்தயம் கட்டினேன். அதுவும் அப்படியேதான். லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவில் ஒரு கிழவர் தன்னந்தனியாக இருந்தார். அவருக்கு அடுத்த வீட்டிலோ பாயை மடித்தால்தான் நிற்க இடம் இருக்கும் அளவுக்கு ஆட்கள். இரண்டுக்கும் ஒரே அளவு.

ஏன் இப்படி என்று சித்தப்பாவைக் கேட்டேன். "வெள்ளக்காரன் மொதல்ல கோழிக்கூட்டுக்குத்தான் பிளான் போட்டான். அப்புறம் கோழி வேணாம்னுட்டு நம்மளக் கூட்டியாந்துட்டான்," என்றார். நான் அதை நம்பினேன். சித்தப்பா சொன்னதில் நான் நம்பாதது எதுவும் அந்த வயதில் கிடையாது.

திங்கட்கிழமை டீச்சர் எங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் சிலவற்றுக்குத் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவது நின்றது. பிறகு முன்னால் வைத்ததை மறுபடி எடுத்துப் பார்த்தார். பெட்டியைப் போல ஒரு கோடு, நடுவில் கதவு, ஓரத்தில் ஜன்னல், பன்னிரண்டு, பத்து. வகுப்பு முழுவதும் ஒரே படம்.

"ஆரைப் பார்த்துக் கீறினனீங்கள்?" என்றார்.

நாங்கள் யாரையும் பார்க்கவில்லை என்றோம். எல்லோரும் ஒரே வீட்டிலேயோ இருக்கிறியள் என்று கேட்டார். பக்கத்துக் காம்பராப் பையன் எழுந்து, "இல்லீங்க டீச்சர், வேற வேற வீட்டுலதாங்க," என்றான்.

"அப்ப ஏன் எல்லாம் ஒரேமாதிரிக் கிடக்கு?"

"வீடுன்னா அப்பிடித்தாங்களே டீச்சர் இருக்கும்."

அவன் பணிவாகத்தான் சொன்னான். டீச்சருக்கு அது வாய்க்கொழுப்பாகப் பட்டது. எங்களுக்கு அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்று யாராவது விளக்குவார்களா? இது தெரியாத ஒருவர் இருக்க முடியும் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. டீச்சர் கோபத்தில் வேகமாகப் பேசத் தொடங்கினார். படங்களில் என்னுடையதுதான் கோடு நேராக இருந்தது. ஆகவே மற்றவர்கள் பார்த்து எழுதியது என்னுடையதைத்தான் என்று முடிவு செய்துவிட்டார். நாளைக்கு எல்லோரும் அவரவர் வீட்டைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கடைசியாக என்னிடம் சொன்னதை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "நீ ஒழுங்காக் கீறிக்கொண்டு வரேல்லையெண்டால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதும் படிப்பை நிறுத்துவதும் ஒன்றுதான்.

அன்று சாயந்திரம் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க வந்த குடங்களுக்கு நடுவில் எங்கள் மகாநாடு நடந்தது. உண்மையான வீட்டைப் போட்டால் டீச்சருக்குக் கோபம் வருகிறது. ஆகவே கோபம் வராத வீட்டைப் போடுவதுதான் மரியாதை. இதில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தோம். அப்புறம் என்ன, ஆளுக்கொரு வீடு கட்டத் தொடங்கினோம். பக்கத்துக் காம்பராப் பையன் கிணறு தன்னுடையது என்று முந்திக்கொண்டான். ஒருத்தி மாமரத்தை எடுத்துக்கொண்டாள். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் பூச்செடி பார்க்கிறவரின் மகன், அங்கே குளிர்காய வைத்திருக்கும் கணப்பு அடுப்பைக் கொண்டுவந்து தன் காம்பராவில் வைத்தான். அவ்வளவு சந்தோஷமான வீட்டுப்பாடம் எங்களுக்கு முன்னேயும் கிடைக்கவில்லை, பின்னேயும் கிடைக்கவில்லை.

எனக்குக் கிணறும் வேண்டாம், மரமும் வேண்டாம். புத்தகத்தில் ஒவ்வோர் அறைக்கும் பெயர் இருந்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் காம்பராவுக்குப் பின்னால் இன்னொரு சின்ன அறையை ஒட்ட வைத்து, அதற்கு 'சித்தியின் அறை' என்று பெயர் எழுதினேன். சித்தி சேலை மாற்ற வேண்டும் என்றால் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவாள். மழை நாளில் அப்பா சாரலில் நனைந்துகொண்டு இஸ்தோப்பில் நிற்பார், சித்தி உள்ளே அவசர அவசரமாக மாற்றிக்கொண்டு முகம் சிவந்து கதவைத் திறப்பாள். அவளுக்கென்று ஓர் அறை இருந்தால் அப்பா நனைய வேண்டியதில்லை. என் யோசனை அவ்வளவுதான்.

அறைக்கு அளவு போட வேண்டுமே. சித்தப்பாவிடம் காட்டி, இதற்கு எத்தனை அடி போடட்டும் என்று கேட்டேன். ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழுக்கு ஏழு போடு. போதும்."

"ஜன்னல்?"

"ஒன்னு வையி."

"கதவு வேணுமா சித்தப்பா?"

"கதவு கட்டாயம் வேணும். உள்பக்கம் தாப்பாளோட."

தாழ்ப்பாளை எப்படி வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே பென்சிலை வாங்கி ஒரு சின்னக் கோடு போட்டார்.

மறுநாள் டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. வகுப்பு முழுவதும் விதவிதமான வீடுகள். கணப்பு அடுப்பைப் பார்த்துக் கொஞ்சம் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். என் படத்தைக் கையில் எடுத்து, சித்தியின் அறை என்பதைச் சத்தமாக வாசித்தார். நல்ல வடிவாக இருக்கிறது என்றார். நான் தப்பித்தேன் என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் அடுத்த இடி விழுந்தது. "வாற ஞாயிற்றுக்கிழமை உன்ர வீட்டைப் பார்க்க வரப்போறன்," என்றார். பிள்ளைகளின் வீட்டை ஆசிரியர் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருடைய கைநூலில் எழுதியிருந்ததாம். அந்தக் கைநூலை எழுதியவரை நான் மனதாரச் சபித்தேன்.

அழுதுகொண்டே சித்தப்பாவிடம் ஓடினேன். இல்லாத அறையை டீச்சர் தேடுவார். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். என் படிப்புப் போய்விடும். சித்தப்பா முழுவதையும் கேட்டார். பிறகு, "அழுவாத. அறை இல்லைன்னாத்தானே பிரச்சன? கட்டிப்புட்டா பிரச்சன தீந்துச்சில்ல?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயந்திரமே லயத்துக்குப் பின்னால் எங்கள் சுவரை ஒட்டிக் குழி தோண்டத் தொடங்கிவிட்டார். அப்பாவிடம், டீச்சர் வருகிறார், பின்னால் ஒரு சாய்ப்பு இறக்குவோம் என்று மட்டும் சொன்னார். அப்பா ஏன் எதற்கென்று கேட்பார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ சட்டையைக் கழற்றிவிட்டு குழி தோண்டும் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கும் டீச்சர் என்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு ஒரு ஆறுதல்.

சவுக்கு மரக் கிளைகள் தூணாயின. கான் வெட்டின மண்ணைக் குழைத்து அம்மா சுவர் எழுப்பினாள். ரோட்டு வேலைக்கு வந்த தார் பீப்பாயைத் தட்டி நிமிர்த்திக் கூரை போட்டார்கள். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் கதவு. கடையில் காசு கொடுத்து வாங்கியது ஒரே ஒரு பொருள். அதற்காகச் சித்தப்பா வேலை முடிந்த களைப்போடு பெரகலைச் சந்திக்கே போய்வந்தார். பித்தளைத் தாழ்ப்பாள். டீச்சர் தாழ்ப்பாளையெல்லாம் பார்க்க மாட்டார் என்று நான் சொன்னேன். "பாப்பாங்க, பாப்பாங்க. அதத்தான் மொதல்ல பாப்பாங்க," என்றார்.

பாதிச் சுவர் எழும்பியபோது கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். தோட்டத்துச் சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். யாரைக் கேட்டுச் சுவர் வைக்கிறாய் என்று சத்தம் போட்டார். சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்.

"அரசாங்கப் பாடங்க ஐயா. புதுப் புஸ்தகத்துல இருக்கு. புள்ளைங்க வீட்டுல தனியா ஒரு அறை காட்டணுமாம். டீச்சரம்மா ஞாத்துக்கெழம பாக்க வாறாங்க. கிளாக்கர் ஐயா வீட்டுலதான் இருக்காங்க, வேணும்னா கேட்டுப் பாருங்க."

சித்தப்பா என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நான் ஓடிப்போய் 'எங்கள் வீடு' பக்கத்தைத் திறந்து காட்டினேன். கணக்கப்பிள்ளை ஓட்டு வீட்டையும் கிணற்றையும் பார்த்தார், எங்கள் அரைச்சுவரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். தோட்டங்களும் அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எந்த அரசாங்கக் காகிதத்தில் எந்தப் பாம்பு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "பாத்துட்டுப் போனதும் பிரிச்சிரணும்," என்றார். "பிரிக்காமங்களா?" என்றார் சித்தப்பா.

டீச்சர் வரப்போகிற செய்தி மகாநாட்டுக்காரர்களையும் கலக்கியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர் மற்ற வீடுகளைப் பார்க்காமலா போவார்? பக்கத்துக் காம்பராப் பையன் லயத்துக்குப் பின்னால் கிணறு வெட்டத் தொடங்கினான். முழங்கால் ஆழம் வந்தபோது அவன் அம்மா விளக்குமாற்றால் நிறுத்தினாள். மாமரக்காரி மாமரத்துக்கு எங்கே போவாள்? கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்து வந்து வாசலில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குடையோடு வந்தார். முதல் தடவையாக மேல்பாதையை விட்டு எங்கள் பக்கம் இறங்கினார். லயத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனை வரை பார்த்தார். ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே கதவு, ஒரே ஜன்னல். ஒவ்வொரு கதவிலும் அவருடைய மாணவர்கள் ஒருவரோ இருவரோ எண்ணெய் தேய்த்துத் தலைவாரி நின்றார்கள். அவர் எங்கள் காம்பராவுக்குள் வந்தார், பக்கத்துக் காம்பராவையும் எட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரேமாதிரித்தானோ?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க டீச்சர், ஒரே மாதிரிதாங்க," என்றாள் அம்மா. எதற்காக இதைக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

நான் பெருமையோடு டீச்சரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். அவர் சித்தியின் அறைச் சுவரில் கை வைத்தார். கையில் ஈரமண் ஒட்டியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சித்தப்பா, "மழைக்குங்க டீச்சர், காய மாட்டேங்குது," என்றார். டீச்சர் கையைப் பார்த்தார், புதுத் தாழ்ப்பாளைப் பார்த்தார், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். "படத்தில இருக்கிற மாதிரியே இருக்குது," என்றார். அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். போகும் வழியில் பள்ளத்தைக் கண்டு நின்று, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றான் பையன். ஊறும், ஊறும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர் இரண்டாவது படங்களை அலமாரிக்குள் வைத்துவிட்டு, முதலில் கோபித்துத் தள்ளிய படங்களை எடுத்து மார்க் போட்டார். எல்லோருக்கும் ஒரே மார்க். என் கோடு நேராக இருந்ததற்கு ஒரு மார்க்காவது கூட்டியிருக்கலாம் என்று எனக்கு மனத்தாங்கல். ஆனால் அப்பாவுக்கு அழைப்பு வரவில்லை, என் படிப்பும் நிற்கவில்லை. எனக்காகச் சித்தப்பா அறையே கட்டிவிட்டார் என்று லயம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வெற்றியில் அவர்களுக்கும் சந்தோஷம்போல என்று நினைத்தேன்.

பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டுப் போயாயிற்று, கணக்கப்பிள்ளை சொன்னபடி எப்போது பிரிப்பீர்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். சுவர் காயட்டும் என்றார். சுவர் காய்ந்தது, கணக்கப்பிள்ளையும் மறுபடி கேட்க வரவில்லை. அதற்குள் எனக்கு வேறு ஆசை வந்திருந்தது. பிரிக்கவில்லை என்றால் அது என் படிப்பறைதானே? புத்தகத்துப் பிள்ளைகள்போல உள்ளே ஒரு பெட்டியைப் போட்டு, அதன்மேல் என் சிலேட்டையும் புத்தகங்களையும் அடுக்கினேன். மூன்றாவது தடவையாகப் பெரகலைக்கு அந்தப் பக்கம் போன சித்தப்பா, அன்று மாலை சித்தியோடு வந்து இறங்கினார். அவர் தோளில் அவளுடைய தகரப் பெட்டி இருந்தது. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் புத்தகங்களை வாரிக்கொண்டு வெளியே வந்தாள்.

சித்தி உள்ளே போனாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, மறுபடி போட்டாள். அந்தச் சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. பாடத்துக்காகக் கட்டிய அறையை இப்படி ஆள் வந்து பிடித்துக்கொள்வது என்ன நியாயம் என்று நான் அம்மாவிடம் சண்டை பிடித்தேன். பெயர்தான் சித்தியின் அறை, அது படத்துக்காகச் சும்மா எழுதினது என்றேன். அம்மா என் வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்த மழைக்காலம் முழுவதும் சித்தியிடம் நான் தலையைக் கூடக் கொடுக்கவில்லை. ஒற்றைப் பின்னலோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

அடுத்த வருஷம் அந்த அறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. லயமே வந்து பார்த்தது. எனக்கும் தூக்க ஆசையாகத்தான் இருந்தது. மடியில் போட்டார்கள். யாரும் கவனிக்காத நேரம் பார்த்துக் குனிந்து, இப்போது நீ இருப்பது என் படிப்பறை, பெரியவளானதும் காலி செய்துவிட வேண்டும் என்று அதன் காதில் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.